முதலில் காய்ச்சல் என்பார்

மலேசியாவில், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீட்டு வரிசையில் யார் இறந்தாலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லுகிற வேலை மிஸ்ஸி ஆன்டியிடம்தான் போகும். யாரும் அவரை நியமிக்கவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், எங்கள் ஊரில் நர்ஸுகளைக் கூப்பிடும் 'மிஸ்ஸி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரோடு இந்த வேலையும் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பார்சல் கொண்டுவரும் பையன்கள்கூட கேட்டுக்கு வெளியே நின்று மிஸ்ஸி என்றுதான் கத்துவார்கள்.

செய்தி சொல்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். செத்துப்போன ஆள் முதலில் காய்ச்சலில் படுப்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அழைப்பு போகும்: காய்ச்சல் இறங்கவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அப்புறம், ஐசியுவுக்கு மாற்றச் சொல்கிறார்கள், எதற்கும் நீ டிக்கெட் பார்த்து வை. பிள்ளை பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்கும்போது கடைசி அழைப்பு: "கஷ்டம்னுதான் சொல்றாங்க. நீ ப்ரே பண்ணிட்டே வா." அதற்குள் இங்கே பந்தல் போட்டு, ஐஸ் பெட்டி வந்து இறங்கி, தெருவை அடைத்து நாற்காலிகள் போட்டாகியிருக்கும்.

"மருந்து பாட்டிலை மொத்தமா வாயில கவுப்பியா நீ? ஸ்பூன்ல ஊத்தித்தானே குடுக்கணும்," என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசையில் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் இந்த முறை தெரியும். தெரிந்ததால்தான் தொல்லையே. வேறு ஊரில் காய்ச்சல் என்றால் காய்ச்சல். எங்கள் வரிசைப் பிள்ளைகளிடம் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று யாராவது சொன்னால் சிங்கப்பூரிலும் பெர்த்திலும் ஆளாளுக்கு உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுவோம்.

மிஸ்ஸி ஆன்டி நெடுநெடுவென்று உயரம். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் வெள்ளை ரப்பர் செருப்பை விடவில்லை. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். நம்மோடு பேசும்போது கையைப் பிடித்துக்கொள்வார். பாசம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நாடி பார்த்துக்கொண்டிருப்பார். கணவர் ரயில்வேக்காரர், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். ஒரே மகன் பர்மிங்காமில். ஞாயிற்றுக்கிழமை மெத்தடிஸ்ட் சர்ச், மற்ற நாள்களில் எங்கள் வரிசைதான் அவருடைய வார்டு.

எதிர்வீட்டு லோரிக்கார அண்ணனின் அம்மா இறந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். அண்ணனின் தம்பி துபாயில் இருந்தார். முதல் ஸ்பூன் கொடுத்து முடிப்பதற்குள் அண்ணனின் மச்சினி ஒருத்தி கிழவியின் படத்தோடு மெழுகுவர்த்திப் படத்தையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள். மிஸ்ஸி ஆன்டி விறுவிறுவென்று வந்து அவள் முன்னால் கையை நீட்டினார். "போனைக் குடு." வாங்கி, தானே அழித்துவிட்டு, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"துபாய்க்காரன் யாருக்கு அடிச்சாலும் எடுங்க. எடுக்காட்டி சந்தேகம் வரும். அம்மா எங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார்.

"தூங்குறாங்கன்னு சொல்லணும். எங்கே, சொல்லுங்க."

நடுவீட்டில் கிழவியைக் கிடத்தி வைத்துக்கொண்டு, சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூங்குறாங்க, தூங்குறாங்க என்று சொல்லிப் பழகினார்கள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அடங்கிவிட்டது. தம்பி வந்து சேர்ந்து எல்லாம் முடிந்த பிறகு மிஸ்ஸி ஆன்டியின் காலடியில் உட்கார்ந்து, பிளேனில் தனியாக அழாமல் வந்தேன் ஆன்டி என்று சொல்லி அழுதார்.

எனக்கும் அவர் ஸ்பூன் பிடித்திருக்கிறார். அப்போது நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மதியம் வெள்ளைச் செருப்போடு வாசலில் வந்து நின்றார். அவர் பிறந்து வளர்ந்ததே பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "இந்தப் பக்கம் வந்தேன் மா. பசிக்குது. வா, இலைச் சாப்பாடு சாப்பிடலாம்," என்றார். மீன் குழம்பு வாங்கிக் கொடுத்தார். போதும் போதும் என்றபோதும் மறுசோறு போடச் சொன்னார். மோர் குடிக்கும்வரை காத்திருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குக் காலையில லேசா நெஞ்சு வலி," என்றார்.

கிள்ளானுக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் ஏறினோம். சுபாங் ஜெயா தாண்டும்போது அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஷா ஆலம் வரும்போது மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தார்கள். கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கும்போது நான் அவர் தோளில் விழுந்து கிடந்தேன்.

கருமாதி முடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "அம்மா செத்துக் கிடக்கும்போது என்னைய உட்கார வச்சு மீன் சாப்பிட வச்சீங்களே ஆன்டி. உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அவர் கோபப்படவில்லை. "அதுக்கப்புறம் ஒரு வாய் சோறு நீ சாப்பிட்டியா?" என்று கேட்டார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் கோபம் குறையவில்லை. கூடியது. அவரிடம் எனக்கு எப்போதும் இருந்த சங்கடம் இதுதான்.

அதன்பிறகு கல்யாணமாகி மெல்பர்ன் போய்விட்டேன். என் கணவர் திருச்சிக்காரர், கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்திருந்தவர். அவர் வீட்டாரோடு அப்பாவுக்கு அவ்வளவாகப் பேச்சு கிடையாது. ஆனால் மாப்பிள்ளை என்றால் அப்பாவுக்கு உயிர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, பண்டமாரானில் தனியாக இருந்தார். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மிஸ்ஸி ஆன்டி. அப்பாவிடம் இருந்தது பழைய பட்டன் போன். அதனால் வாராவாரம் வீடியோ அழைப்பு அவருடைய போனில்தான். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, போனைத் தானே பிடித்துக்கொள்வார். எனக்கு அப்பாவின் முகமும் மார்பும் தெரியும். எப்படி இருக்கீங்க என்றால் அப்பா அவரைப் பார்ப்பார். "ஒண்ணும் இல்ல லா, சூப்பரா இருக்காரு," என்று பின்னாலிருந்து குரல் வரும்.

பிறகு எனக்கும் என் கணவருக்கும் ஒத்துவராமல் போனது. அடிதடி, அசிங்கம் எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் ஆனோம், பிறகு இரண்டு வீடுகள் ஆனோம், அப்புறம் கோர்ட் வழியாக அதுவும் முடிந்தது. குழந்தை இல்லாததால் சீக்கிரமாகவே முடிந்தது. அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மிஸ்ஸி ஆன்டியிடம் சொன்னேன். அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "ராத்திரி தூங்குறியா?" என்று கேட்டார். பிறகு, "அண்ணன்கிட்ட இப்ப வேணாம். நேரம் வரும்போது நான் பார்த்துக்குறேன்," என்றார். அப்பாவை அவர் கூப்பிடுவது அண்ணன் என்றுதான். தலையிலிருந்து மூட்டை இறங்கிய நிம்மதி எனக்கு. அதற்கப்புறம் இரண்டு வருடம், மாப்பிள்ளை எங்கம்மா என்று அப்பா கேட்கும்போதெல்லாம் வேலைக்குப் போயிருக்கிறார் என்றேன். ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த மனிதர் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் மிஸ்ஸி ஆன்டி தானாகக் கூப்பிட்டார். "நீ வந்துட்டா நல்லது மா," என்றார்.

அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. "அப்பாகிட்ட குடுங்க ஆன்டி," என்றேன்.

"தூங்குறாரு."

மெல்பர்னில் அப்போது மத்தியானம், இங்கே காலை நேரம். அப்பா அந்த நேரத்தில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எப்படி மூட்டை கட்டினேன், என்ன எடுத்தேன், எதை விட்டேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. மிச்சத்தைத் தோழி ஒருத்தி பிறகு அனுப்பி வைத்தாள். ஏழு வருட வாழ்க்கையை முடித்துக்கொண்டு வருகிறவள் விமானத்தில் எதை எதையோ யோசிப்பாள் என்பார்கள். நான் யோசித்தது ஒன்றைத்தான்: அப்பாவை எரித்திருப்பார்களா, எனக்காக வைத்திருப்பார்களா.

விமான நிலையத்திலிருந்து டாக்சி டெங்கில் ஊரின் எண்ணெய்ப்பனைகளைத் தாண்டும்போது அந்த டிரைவர், "அக்கா, லீவுக்கு வரீங்களா?" என்றார். இல்லை, வந்துட்டேன் என்றேன். கன்டெய்னர் லோரிகளுக்கு நடுவே புகுந்து எங்கள் வரிசைக்குள் திரும்பியதும் கண்ணை மூடிக்கொண்டேன். பந்தல் தெரிந்தால் அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்றுகூட இருந்தது. திறந்து பார்த்தேன். பந்தல் இல்லை. கேட்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு.

வாக்கர். ஊன்றிக்கொண்டு நடக்கும் அலுமினியச் சட்டம். அதன் ரப்பர் பாதங்கள் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து வெகு காலம் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். வரிசையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அன்று நான் கோபப்பட்டிருக்க வேண்டும். உயிரோடு நிற்கிறாரே என்று அந்தச் சட்டத்தையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து அழுதேன். மிஸ்ஸி ஆன்டி என் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோபம் பிற்பாடுதான் வந்தது. அதுவும் தவணை தவணையாக. அப்பாவின் இடது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்டேன். "அங்கேருந்து நீ என்ன செஞ்சிருப்பே?" என்பார். வீட்டிற்கு வந்து பாத்திரங்களை உருட்டுவேன். அப்பா, "மிஸ்ஸியை ஒண்ணும் சொல்லாத மா," என்பார்.

வந்த சில நாளிலேயே அப்பா ஆரம்பித்தார். "மாப்பிள்ளை எப்ப வராரு?" அடுத்த வாரம் வருவார், தீபாவளிக்குள் வருவார் என்று எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு காலை மிஸ்ஸி ஆன்டியிடம் போய், இன்றைக்கு நானே சொல்லிவிடப்போகிறேன் என்றேன்.

"வேணாம். நான் ஆரம்பிச்சிட்டேன்."

"என்ன சொல்லியிருக்கீங்க?"

"அது உனக்கு எதுக்கு? நீ வேலைக்குப் போ. நேரம் வந்தா சொல்றேன்."

சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நான் போனேன். அவர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது, மறுக்கவில்லை.

கொஞ்ச நாளில் அப்பா மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். ஸ்பூன் வேலை செய்கிறது என்று நினைத்தேன். பிறகு சாப்பாடு குறைந்தது. தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். என் போன் அடித்தால் திடுக்கிட்டுத் திரும்புவார், நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யாரும்மா, எங்கேருந்து என்று கேட்பார். அலுவலகத்திலிருந்து என்றதும் மூச்சு விடுவார்.

அப்புறம் பூ. கிள்ளான் கடைத்தெரு வழியாக வரும் லோரிக்கார அண்ணனிடம் சொல்லி, தினமும் மல்லிகைப்பூ வாங்கிவரச் செய்தார். நான் பூ வைத்துக்கொள்கிறவள் அல்ல. "வச்சுக்கோ மா. அப்பாவுக்காக வச்சுக்கோ," என்று வாக்கரை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கையால் நீட்டுவார். வைத்துக்கொண்டால் பார்த்துக்கொண்டே இருந்து, முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குக் கிளம்பினேன். "அதை மாத்து," என்று அதட்டினார். அப்பா என்னை அதட்டி நான் கேட்டதே இல்லை.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி. அவருக்குத் தெரிந்திருக்கிறது, மிஸ்ஸி ஆன்டிக்குத் தெரிந்திருக்கிறது, வழக்கம்போல எனக்கு மட்டும் தெரியாது. அப்பா குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய அலமாரியைக் குடைந்தேன். புதிதாக மருந்து எதுவும் இல்லை. மிஸ்ஸி ஆன்டியைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன்.

"அப்பாவுக்கு என்ன ஆன்டி? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல லா."

வாராவாரம் போனில் கேட்ட அதே வார்த்தை.

ஒரு சனிக்கிழமை மாலை, அப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை. நான் அவர் நாற்காலிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வியாதியைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அப்பா, மிஸ்ஸி ஆன்டி உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாங்களா? அவரைப் பத்தி?"

அப்பா வாக்கரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"எனக்குத் தெரியாம எப்படிப்பா இருக்கும்?"

"யார் சொன்னா? எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

அப்பா என்னை வெறித்துப் பார்த்தார். "ரெண்டு வருஷமா? என்ன மா பேசுற? போன வாரந்தானே ஐசியுல வச்சிருக்காங்கன்னு மிஸ்ஸி சொன்னாங்க?"

"யாரை?"

"மாப்பிள்ளையை."

எனக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. அப்பா அழுதுகொண்டே சொன்னார். முதலில் மாப்பிள்ளைக்கு வேலை அதிகம், அலைச்சல் என்றார்களாம். பிறகு உடம்பு சரியில்லை. பிறகு ஆஸ்பத்திரி. கடைசியாக, "கஷ்டம்தான் அண்ணே, ப்ரே பண்ணுங்க. பொண்ணுக்கு எதையும் காட்டிக்காதீங்க." எங்கள் வரிசையில் இத்தனை காலம் வாழ்ந்தவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை போய்விட்டார், மகளுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் போன் அடித்தால் பதறியிருக்கிறார். பொட்டும் பூவுமாக என்னை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தினமும் பூ வாங்கியிருக்கிறார்.

"அப்பா, அவர் நல்லா இருக்காருப்பா," என்றேன். "மெல்பர்ன்லதான் இருக்காரு. எங்களுக்குள்ள ஒத்துவரல. டைவர்ஸ் ஆயிடுச்சு. அவ்வளவுதான்."

"உசுரோட இருக்காரா?"

"இருக்காருப்பா."

"நீயும் மிஸ்ஸி மாதிரி சொல்றியா?"

அதற்கு நான் என்ன சொன்னாலும் அவர் நம்பமாட்டார். போனை எடுத்து, பல மாதங்களாகத் தொடாத எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன். "ஹலோ," என்றது அந்தக் குரல். "சொல்லு. என்ன ஆச்சு? அப்பா நல்லா இருக்காரா?" நான் தெரியாமல் அழுத்திவிட்டேன் என்று சொல்லி வைத்தேன்.

அப்பா கண்ணை மூடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். அம்மா படத்தைப் பார்த்து, சாமி படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்தார். "டைவர்ஸ்தானே மா," என்றார். "விடு மா, விடு. சோறு இருக்கா?"

உட்கார்ந்து சாப்பிட்டார், ரசம் கேட்டு வாங்கி மறுபடி சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று பரிமாறினேன். இரண்டு வருடமாக நான் நெஞ்சில் பொத்தி வைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்த விஷயம் என் அப்பாவுக்கு நல்ல செய்தியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. தட்டைப் பிடுங்கி எறியலாம் போலவும் இருந்தது.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். மிஸ்ஸி ஆன்டி பின்பக்கச் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பேசிட்டியா?" என்றார்.

"உயிரோட இருக்குற மனுஷனை எதுக்கு ஆன்டி சாகடிச்சீங்க?"

"செத்துட்டாருன்னு நான் சொல்லவே இல்ல. உங்கப்பாவைக் கேளு."

"விளையாடாதீங்க. அப்பா வாரக்கணக்குல சாப்பிடல. அவருக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

"தினமும் நீ வேலைக்குப் போனதும் பிரஷர் பார்த்தேன். ஏறுனா நிறுத்தியிருப்பேன்." தேநீரை என் முன்னால் வைத்தார். "சுகர் வார்டுல இருந்திருக்கேன் மா. காலை எடுக்கணும்னு நேரா சொன்னா கத்துவாங்க, மாட்டேம்பாங்க, டாக்டரைத் திட்டுவாங்க. உசுருக்கே ஆபத்துன்னு ரெண்டு நாள் படுக்க வச்சிட்டு, பரவால்ல, கால் மட்டுந்தான்னு சொன்னா கையெடுத்துக் கும்பிடுவாங்க. டைவர்ஸ்னு உங்கப்பாகிட்ட மொட்டையா சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? எம்பொண்ணு என்ன தப்பு செஞ்சா, யார் மேல தப்புன்னு உன்னைப் பார்க்குறப்பலாம் கேட்டிருப்பாரு. இப்ப ஒரு வார்த்தை கேட்டாரா?"

கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மனுஷியிடம் என்னால் ஒரு சண்டையிலாவது ஜெயிக்க முடியாதா என்று ஆத்திரம் வந்தது.

"உங்க சாமர்த்தியத்தை எங்கிட்ட காட்டாதீங்க ஆன்டி," என்றேன். "இனிமே எதுவா இருந்தாலும் எனக்கு நேரா சொல்லுங்க. இந்தக் காய்ச்சல், ஆஸ்பத்திரி எதுவும் வேணாம்."

"நேராவா?"

"நேரா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "வீட்டை வித்துட்டேன். எதிர்வீட்டு லோரிக்காரரு வாங்கிட்டாரு. மகன் கூப்பிட்டுக்கிட்டான். மாசக் கடைசியில பர்மிங்காம் போறேன். திரும்பி வரமாட்டேன்."

அப்போதுதான் கண்ணைத் திறந்து அந்தச் சமையலறையைப் பார்த்தேன். சுவர்க் காலண்டர் இல்லை. அலமாரியில் பீங்கான் தட்டுகள் இல்லை. மூலையில் பழைய செய்தித்தாள் சுற்றிய பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. இத்தனை நாளும் இங்கே வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறேன், எதையும் பார்க்கவில்லை.

"அதுக்குத்தான் உன்னை அவசரமா வரச் சொன்னேன்," என்றார். "அண்ணன் தனியா இருக்கக்கூடாது. உன் விஷயத்தையும் நான் போறதுக்குள்ள முடிச்சிடணும்னு நெனச்சேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா, நீங்க போறது?"

மிஸ்ஸி ஆன்டி மேசையைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் பதிலைக் கையில் வைத்திருப்பவர், அன்று துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். ஆற்றிய தேநீரில் ஆடை படிந்துவிட்டது.

"எத்தனை தடவையோ வாயெடுத்தேன். உங்கப்பாகிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல மா," என்றார். "நீயே சொல்லிடு."

வீட்டுக்கு வந்தேன். அப்பா சாப்பிட்ட தெம்பில் விளக்கைப் போட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நான் நேராகச் சொல்ல வேண்டும் என்று இப்போதுதான் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். நேராகவே சொன்னேன்.

"அப்பா, மிஸ்ஸி ஆன்டி வீட்டை வித்துட்டாங்க. மாசக் கடைசியில மகன்கிட்ட போறாங்க. இனிமே வரமாட்டாங்களாம்."

அப்பா நாளிதழை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "யார் சொன்னா?" என்றார்.

"அவங்கதான்."

"உன்கிட்ட சொன்னாங்களா?"

"ஆமாம்பா."

வாக்கரை இழுத்து எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். விழுந்த நாளிலிருந்து கதவைத் தாழிடக் கூடாது என்பது மிஸ்ஸி ஆன்டியின் உத்தரவு, அப்பா அதை மீறியதே இல்லையாம். அன்று தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தட்டினேன். கூப்பிட்டேன். மாப்பிள்ளை செத்துவிட்டார் என்று நினைத்திருந்த நாள்களில்கூட எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த மனிதர், இப்போது கதவைத் திறக்கவில்லை. கதவில் காதை வைத்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. இவருக்காகத்தானே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன், நான் இருக்கிறேன் அல்லவா என்று சொல்ல நினைத்தேன்.

"அப்பா, கதவைத் திறங்கப்பா. நான் வரேன் உள்ள."

"நீ வேணாம் மா," என்றார் உள்ளிருந்து. "மிஸ்ஸியை வரச் சொல்லு."

நான் போய்க் கூப்பிட்டேன்.